பச்சையாகவே நின்ற சம்பா

ஐதராபாத்,
6.8.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

பாரதி வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலம்தானே? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? தைலம் அனுப்பியிருந்தேனே, தேய்க்கிறாரா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாரா? நான் நலம்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே அம்மா சாவுக்கு நான் வராத பேச்சு வந்துவிடுகிறது. நீங்கள் கத்துகிறீர்கள், நானும் கத்துகிறேன், அண்ணி போனைப் பிடுங்கி அணைத்துவிடுகிறார். எழுதினால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் சும்மா இருந்துதான் ஆக வேண்டும்.

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். வருஷா வருஷம் உங்கள் வாய்க்கால் ஓரத்து வயலில் இலை ஆரஞ்சாகிப் பயிர் குட்டையாக நின்றுபோகிறதே, அது துங்ரோ என்ற வைரஸ் நோய். பச்சைத் தத்துப்பூச்சி ஒரு பயிரிலிருந்து இன்னொரு பயிருக்குக் கொண்டுபோகிறது. அந்த வைரஸ் ஒன்றும் செய்ய முடியாத ஒரு நெல் ரகம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தயாராகியிருக்கிறது. வேறு உயிரின் மரபணு எதையும் திணிக்கவில்லை. விதைக்குக் கதிர்வீச்சு கொடுத்து, தேறியதைப் பொறுக்கி எடுத்தது. கண்ணாடி வீட்டில் நன்றாக வந்தது. இனி நிஜமான வயலில், நோய் வருகிற வயலில் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பண்ணையில் பூச்சி தலை காட்டினாலே மருந்தடித்துவிடுகிறார்கள், அங்கே எதுவும் தெரியாது.

இந்தச் சம்பாவுக்கு உங்கள் வயலைக் கொடுப்பீர்களா? யோசித்து எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
ஜெயபாரதி


நடுப்படுகை, பாபநாசம் தாலுகா,
14.8.2023

அன்புத் தங்கச்சி பாரதிக்கு,

அண்ணன் துரைராசு எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். தைலத்தை உன் அண்ணி தேய்க்கிறாள். வலி போகவில்லை, வீடு முழுக்க வாசனை வருகிறது, அதுவரைக்கும் லாபம்.

என் வயலைக் கேட்கிறாய். அது என் வயல் இல்லை என்பது உனக்கே தெரியும். நம்முடையது அப்பா காலத்திலேயே கைமாறிவிட்டது. இது சென்னைப் பெரியவருடைய நிலம், நான் குத்தகைக்காரன். இப்போது அவருக்கு உடம்பு முடியாததால் மருமகன் சதீஷ்தான் வந்து பார்க்கிறான். போன வருஷம் நோய் வந்து பாதிதான் விளைந்தது. குத்தகை நெல் அளக்கப் போனபோது என்னை நிற்கவைத்தே சொன்னான்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நெலத்த விட்டுருங்க அண்ணே. கேக்குறதுக்கு ஆள் இருக்கு." வயசில் என் மகன் மாதிரி இருப்பான். நெல்லை அளந்து போட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே எனக்கு உன் வைரஸ் கதை எல்லாம் அப்புறம்தான். இந்த வயல் போனால் நான் யார்? டீக்கடையில் பேப்பர் படிக்கிறவன். பாதி வயலில் உன் விதை, பாதியில் நான் வழக்கமாகப் போடுகிற ரகம் என்றால் சம்மதம். முழுசும் வேண்டுமென்றால் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். கதிர் வருமா? வரும் என்றால் வரும் என்று எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அண்ணன் துரைராசு


ஐதராபாத்,
22.8.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. எனக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை.

கதிர் வரும். கண்ணாடி வீட்டில் ஒவ்வொரு தொட்டியிலும் வந்தது, நானே உருவி எடுத்தேன். முழு வயலுக்கும் விதை அனுப்பியிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அக்கம்பக்கத்து வயல்கள் இருக்கின்றனவே, உங்கள் வயலைப் பாதியாகப் பிரிக்க வேண்டியதில்லை.

புரிகிற மாதிரி எழுதச் சொன்னீர்கள். பயிரின் உடம்பெல்லாம் சின்னச் சின்னச் செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆர்.என்.ஏ என்ற துண்டுச் சீட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் புரதத்தைச் செய், அந்தப் புரதத்தைச் செய் என்று அவற்றில் உத்தரவு இருக்கும். வைரஸ் உள்ளே புகுந்ததும் தன் சீட்டையும் அந்தக் கூட்டத்தில் கலந்துவிடும். எது தன்னுடையது, எது திருட்டுச் சீட்டு என்று பார்த்துக்கொண்டிருக்கச் செல்லுக்கு நேரமில்லை. ஆபத்து என்று தெரிந்ததுமே சீட்டுகளை வாரிப் புரதத்தோடு சேர்த்து மணி மணியாக உருட்டி ஒதுக்கிவிடும். வேலை நின்றுபோகும், வைரஸுக்கும் பிழைப்பு ஓடாது. ஆபத்து நீங்கியதும் மணிகள் கரைந்து சீட்டுகள் வேலைக்குத் திரும்பும். இங்கே அதற்குக் கிரான்யூல் என்று பெயர். நான் குருணை என்பேன். எங்கள் லேபில் தெலுங்குப் பெண்கள்கூட இப்போது குருணை என்றுதான் சொல்கிறார்கள்.

வைரஸும் லேசுப்பட்டதில்லை. குருணை கட்டுகிற புரதத்தை வெட்டிப்போடுகிற வைரஸ் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுபோய்த் தன் உற்பத்திக்கே வேலை வாங்குகிற வைரஸும் உண்டு. எங்கள் ரகத்தில் அந்தப் புரதம் கொஞ்சம் மாறியிருக்கிறது. வைரஸின் பிடிக்கு அகப்படாது. குருணை கலையாது. அவ்வளவுதான் விஷயம்.

ஒன்று முக்கியம். இது சோதனை விதை. ஒரு மணிகூட வேறு யார் கைக்கும் போகக் கூடாது. மீதி இருந்தால் எனக்கே திருப்பி அனுப்புங்கள். பிள்ளையார் சுழி போட்டு விதைக்க அண்ணியைச் சொல்லுங்கள், அவர் கை ராசியான கை.

அன்புடன்,
ஜெயபாரதி


நடுப்படுகை,
16.10.2023

அன்புத் தங்கச்சி பாரதிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். உன் அண்ணிக்கு இப்போது இடது முழங்காலும் பிடித்துக்கொண்டது. பழைய காலுக்குத் துணை வந்துவிட்டதாம், அவளே சொல்லிச் சிரிக்கிறாள்.

விதை நன்றாக முளைத்தது. நாற்றங்கால் பாய் விரித்தாற்போல இருந்தது. விதையில் ஒரு மணிகூட யார் கைக்கும் போகவில்லை. புரட்டாசியில் நடவு முடித்தேன். நாற்று கொஞ்சம் மீந்தது, வீணாகவில்லை. பயிர் பிடித்து நிமிர்ந்து நின்றதைப் பார்த்து நானே திருஷ்டி போட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பயந்தபடியே ஆயிற்று. மேட்டூரை அடைத்துவிட்டார்கள். எங்கள் மதகு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது, தண்ணீர் வரும்போதே அழுது வடிகிற மதகு. இப்போது வாய்க்காலில் ஆடு மேய்கிறது. வயல் வெடித்துக் கிடக்கிறது, வெடிப்பில் கை நுழைகிறது. போர்வெல் வைத்திருக்கிறவர்கள் தப்பித்தார்கள். நான் ஆயில் எஞ்சின் வாடகைக்கு எடுத்துக் குட்டையில் இருந்த சேற்றுத் தண்ணீரை ஒருமுறை இறைத்தேன்.

இப்போது அவசரமாக ஒன்று கேட்கிறேன். உன் ரகம் இந்தக் காய்ச்சலைத் தாங்குமா? தாங்காது என்றால் இப்போதே சொல்லிவிடு. உழுதுவிட்டு, மழை விழுந்ததும் குறுகிய வயசு நெல்லைத் தெளித்துவிடுவேன். இன்னும் நேரம் இருக்கிறது. ஐப்பசி தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது. மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் எழுது. உன்மேல் நான் வருத்தப்பட மாட்டேன், நீயும் எனக்காக முகத்தாட்சண்யம் பார்க்காதே.

உடனே பதில் போடவும்.

அண்ணன் துரைராசு


ஐதராபாத்,
3.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். அண்ணிக்கு ஒரு நல்ல எலும்பு டாக்டரைக் கும்பகோணத்தில் பார்க்கலாம், விசாரித்து எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் இங்கேயும் சில தொட்டிகளுக்குத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன். காய்ச்சலிலும் செல்கள் குருணை கட்டும், வைரஸ்தான் வர வேண்டும் என்பதில்லை. வெயில், வறட்சி, உப்பு எல்லாமே அதற்கு ஆபத்துதான். திரும்பத் தண்ணீர் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் ஒரு சின்ன விஷயம் தெரிந்தது. அதைப் பற்றி விவரமாக அப்புறம் எழுதுகிறேன்.

வயலை உழ வேண்டாம். பயிர் செத்துவிடவில்லை என்றால் அப்படியே விடுங்கள். இப்போதுதான் தத்துப்பூச்சி வரும் நேரம். இவ்வளவு தூரம் வந்த சோதனை நடுவில் நின்றுபோனால் எல்லாம் வீண். ஜனவரியில் எங்கள் கூடத்தின் கமிட்டி கூடுகிறது. இத்தனை வருஷம் தற்காலிகப் பதவியில் ஓட்டிவிட்டேன், இந்தத் தடவையாவது நிரந்தரமாகும் என்று இயக்குநரே சொன்னார். அதையெல்லாம் நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம், சும்மா சொன்னேன்.

மழை வரும் என்று டிவியில் சொல்கிறார்கள். தீபாவளிக்கு அண்ணிக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன். மயில் கழுத்து நிறம்.

அன்புடன்,
ஜெயபாரதி


நடுப்படுகை,
26.11.2023

என் அன்புத் தங்கச்சி பாரதிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் ரொம்ப சுகம். புடவையை உன் அண்ணி தீபாவளிக்கு உடுத்திக்கொண்டு தெருவெல்லாம் நொண்டி நடந்து காட்டினாள். உன் தூக்கம் எப்படி இருக்கிறது?

மழை வந்தது. பயிர் தலையெடுத்தது. அப்புறம் நடந்ததைக் கேள். தை அறுவடை எண்ணத்தில் இருந்தவர்கள் முகமெல்லாம் சுண்டிப்போயிற்று. மேல்பக்கத்து வயல், கீழ்ப்பக்கத்து வயல் எல்லாவற்றிலும் இலை ஆரஞ்சாகிவிட்டது. அந்த நோய்தான். நடுவில் என் வயல் மட்டும் பச்சென்று நிற்கிறது. ஒரு இலை பழுக்கவில்லை. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் பைக்கில் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். "என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். "மருந்து இல்ல, என் தங்கச்சி" என்றேன். உன்னோடு சண்டை போட்ட ஒவ்வொரு தடவையும் நினைப்புக்கு வந்து வெட்கமாக இருந்தது. அம்மா சாவுக்கு நீ வராததை இனி நான் பேச மாட்டேன். இதை எழுதியே கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

சதீஷும் வந்தான். போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பினான். "இப்படியே வெளஞ்சா நெலம் உங்ககிட்டதான் அண்ணே, பேச்சே இல்ல" என்றான். அந்தப் பயல் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை.

ஒரு சந்தேகம். தூர் வெடித்துக்கொண்டே போகிறது, புது இலை விட்டுக்கொண்டே போகிறது. கதிருக்கு முன்னால் தண்டு உருள வேண்டும், அது இன்னும் உருளவில்லை. இந்த ரகத்துக்கு வயசு கூடவா? அதை மட்டும் எழுது.

அண்ணன் துரைராசு


ஐதராபாத்,
4.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் எல்லாருக்கும் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். "மருந்து இல்ல, என் தங்கச்சி" என்ற இடத்தில் படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். நானும் நலம், இரண்டு ராத்திரியாக நன்றாகத் தூங்குகிறேன்.

இத்துடன் ஒரு ஐஸ் பெட்டியும் சின்னப் பைகளும் வரும். வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் இலைகளைக் கிள்ளி, பையில் போட்டு, ஐஸில் வைத்து அன்றைக்கே கூரியரில் கொடுத்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் கிள்ள வேண்டும். நோய் வந்த பக்கத்து வயல்களிலிருந்தும் அதே மாதிரி வேண்டும். பையின் மேல் எந்த வயல் என்று எழுதுங்கள். உங்கள் கையெழுத்து அழகானது, எல்லாரும் பார்க்கட்டும்.

பூச்சி இருந்தும், சுற்றிலும் நோய் இருந்தும், வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால் இது பெரிய செய்தி அண்ணா. இயக்குநர் தானே என் அறைக்கு வந்து பேசினார்.

மற்றவை பிறகு. அண்ணியின் காலுக்கு டாக்டர் பெயரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஜெயபாரதி


நடுப்படுகை,
24.12.2023

தங்கச்சி பாரதிக்கு,

அண்ணன் எழுதுவது. சுகம். இலைகளை நீ சொன்ன மாதிரியே அனுப்பினேன், கிடைத்திருக்கும்.

மார்கழி பிறந்துவிட்டது. நோய் விழுந்த வயல்களில்கூடத் தப்பிய பயிர் கதிர் தள்ளிவிட்டது. குட்டைக் கதிர்தான், பாதி பதர்தான், ஆனாலும் கதிர். என் வயலில் ஒன்றுகூட இல்லை. நேற்று நாலைந்து இடத்தில் தண்டை நகத்தால் கீறிப் பிளந்து பார்த்தேன். பொதிப் பருவத்தில் உள்ளே பிஞ்சுக் கதிர் வெள்ளையாகத் தெரிய வேண்டும். இலைக்குள் இலை, அதற்குள் இன்னொரு இலை, அவ்வளவுதான். உன் அண்ணியும் வந்து கீறிப் பார்த்தாள். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன்.

யூரியா கூடிப்போனதா என்று பாபநாசம் உரக்கடையில் கேட்டேன். இல்லை என்கிறார். வேளாண்மை ஆபீஸ் பையன் வந்தான், "என்ன ரகம் சார் இது?" என்று என்னையே கேட்டான். நான் என்ன சொல்வது?

போன கடிதத்தில் இதைத்தான் கேட்டிருந்தேன். நீ ஐஸ் பெட்டி அனுப்பினாய். இப்போது திரும்பவும் கேட்கிறேன். கதிர் எப்போது வரும்? உனக்குத் தெரிந்ததை எழுது, தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

அண்ணன் துரைராசு


நடுப்படுகை,
19.1.2024

பாரதிக்கு,

துரைராசு எழுதுவது. பொங்கல் வந்தது, போனது. உன் கடிதம் வரவில்லை. போன் செய்தேன், அடித்து ஓய்ந்தது. நலமாக இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

புதுப் பானையில் கடை அரிசி போட்டுப் பொங்கினோம். இந்த வீட்டில் இது வழக்கமில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நாற்று மீந்தது என்று எழுதியிருந்தேன் இல்லையா? அதைப் பூவம்மாளுக்குக் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், மேல்கரையில் புருஷன் இல்லாமல் தனியாக ஒரு துண்டு நிலம் செய்கிறாளே, நீ பள்ளிக்கூடம் போகும்போது இலந்தைப் பழம் பறித்துக் கொடுப்பாளே, அவள்தான். அவள் நாற்றை ஆடு மேய்ந்துவிட்டது. நடவன்றைக்கு வரப்பில் வந்து நின்றாள். நாற்று மீந்தால் இல்லாதவர்களுக்குச் சின்னக் கட்டாக முடி கட்டிக் கொடுப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான், அதற்கு யாரும் யோசிப்பதில்லை. விதையைக் கொடுக்காதே என்று நீ எழுதியிருந்தாய். நாற்றைக் கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. உன்னிடம் சொன்னால் பிடுங்கச் சொல்லுவாய் என்று மறைத்தேன். அது என் தப்பு.

அவள் வயலும் என் வயல் மாதிரியே பச்சையாக நிற்கிறது. போன வாரம் வந்து கேட்டாள்: "தம்பி, உங்க வயல்ல கதிர் வந்துருச்சா? எனக்கு இன்னும் காணலியே. நான்தான் ஏதும் தப்பா செஞ்சிட்டேனா?" எனக்குப் பூமியில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவளுக்கு அது விற்கிற நெல் இல்லை, வருஷத்துச் சாப்பாடு.

எனக்குப் பதில் எழுதாவிட்டால் போகட்டும். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது.

துரைராசு


ஐதராபாத்,
30.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணியும் நீங்களும் நலம் என்று நம்புகிறேன். கமிட்டி வேலையில் போனை எடுக்க முடியவில்லை. பதவி நிரந்தரமாகிவிட்டது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ரகத்தில் குருணை நன்றாகக் கட்டுகிறது, வைரஸால் கலைக்க முடியவில்லை. நீங்கள் அனுப்பிய இலைகளில் வைரஸ் சுத்தமாக இல்லை. ஆனால் ஒருமுறை கடுமையாகக் காய்ந்த பிறகு, தண்ணீர் வந்தாலும் குருணை முழுசாகக் கரைவதில்லை என்று தெரிகிறது. கதிர் விடச் சொல்லும் உத்தரவும் அந்தக் குருணைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது போலிருக்கிறது. இலைக்கான உத்தரவு மட்டும் நடக்கிறது. அக்டோபரில் தொட்டிகளில் இதற்கு அறிகுறி தென்பட்டது. தொட்டியில் நடப்பதெல்லாம் வயலில் நடப்பதில்லை என்பதால் முடிவு செய்வது அவசரம் என்று கருதப்பட்டது. இனி கதிர் வர வாய்ப்பு குறைவு. நோயைத் தடுக்கிறதா என்பதுதான் இந்தச் சோதனையின் கேள்வி. அந்த அளவில் இது வெற்றி. விளைச்சல் இதன் நோக்கத்தில் இல்லை.

பூவம்மாள் அக்கா விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் இப்போது இன்னொரு வயலும் கிடைத்திருக்கிறது. இரண்டு வயல் என்றால் முடிவுக்கு வலு கூடும். அவர் அறுத்துவிடுவதற்குள் அந்த வயலின் இலைகளும் முன்பு போலவே எனக்குக் கிடைக்குமா? ஐஸ் பெட்டி உங்களிடம் இருக்கிறது. கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயர் வரும்.

அண்ணியின் முழங்காலுக்கு நானே வந்து டாக்டரிடம் அழைத்துப்போகிறேன். தேதி பிறகு.

அன்புடன்,
ஜெயபாரதி


நடுப்படுகை,
12.2.2024

ஜெயபாரதிக்கு,

உன் பதவி நிரந்தரமானது சந்தோஷம். உன் அண்ணியிடம் சொன்னேன், சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று வந்தாள். அவள் மனசு அப்படி.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். "கருதப்பட்டது" என்று எழுதியிருக்கிறாயே, கருதியது யார்? அக்டோபரில் நான் கையைப் பிடித்துக் கேட்காத குறையாகக் கேட்டேன். உழவா, வேண்டாமா? உனக்குத் தெரிந்திருந்தது. முழுசாக இல்லாவிட்டாலும் தெரிந்திருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் நான் உழுதிருப்பேன். அவளிடமும் சொல்லி உழ வைத்திருப்பேன். நானும் ஒன்றை மறைத்தேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. உன்னுடைய குருணை மாதிரி நாம் இரண்டு பேரும் சொல்ல வேண்டியதை உருட்டி உள்ளேயே வைத்துக்கொண்டோம். நாசமானது பூவம்மாள்.

சதீஷ் போன வாரம் வந்தான். வயலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கத்தவில்லை. "பெரியவர் வேற ஆளுக்குச் சொல்லிட்டார் அண்ணே. வர்ற குறுவைக்கு அவங்க எறங்குவாங்க." அவ்வளவுதான். பயிரை மாட்டுக்கு அறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். எனக்கு அறுவடை மெஷின்காரரிடம் வேலை இருக்கிறது, மெஷினுக்கு முன்னால் நடந்து வரப்பு காட்டுகிற வேலை. யார் யார் வயலிலோ.

நீ கேட்ட இலைக்கு வருகிறேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம், உன் சோதனை என்னால் கெட்டது என்று இருக்க வேண்டாம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு மேல்கரைக்குப் போனேன். பூவம்மாள் பச்சைப் பயிரை அறுத்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, பெட்டியும் கையுமா?"

"பாரதி கொஞ்சம் எல கேட்டுருக்குக்கா. பரிசோதனைக்கு."

"எலதானே? தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. நெல்லா கேக்குறீங்க?"

அவள் குத்திப் பேசவில்லை. எனக்குத்தான் குத்தியது. கிள்ளப் போனேன், என்னை விடவில்லை. "இருங்க, நானே நல்ல எலையாப் பாத்துத் தர்றேன். படிச்ச புள்ள கேட்டுருக்கு" என்று அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, மூலை மூலையாகப் போய்ப் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். பையில் போட்டு மூடும்போது, "அது சௌக்கியமா இருக்குதா தம்பி? வேளைக்குச் சாப்புடுதா?" என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன்.

கதிர் ஏன் வரவில்லை என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. தன் கையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இலையை அன்றைக்கே கூரியரில் அனுப்பிவிட்டேன். பையின் மேல் "பூவம்மாள் வயல்" என்று எழுதியிருக்கிறேன். என் பெயரைக் கட்டுரையில் போடாதே. வந்து சேர்ந்ததா என்று எனக்கு எழுதவும் வேண்டாம். எழுதுவதானால் அவளுக்கு எழுது. அக்டோபரில் தொட்டியில் என்ன பார்த்தாய் என்பதிலிருந்து எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் அவள் எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

துரைராசு